எர்த் பட்டைக்கு அடியில்

காலை ஒன்பதே முக்காலுக்கு, லைசென்ஸ் எடுக்க வந்த மூன்று பேரை வேப்பமரத்து நிழலில் நிற்கச் சொல்லிவிட்டு, வசந்தாமணி காரின் பானெட்டைத் தூக்கிக் கம்பியால் முட்டுக்கொடுத்தாள். ஆர்டிஓ மைதானத்தில் அவளுக்கு முன்னால் வேறொரு டிரைவிங் ஸ்கூல் வண்டியும், பின்னால் மற்ற ஸ்கூல் வண்டிகளும் வரிசையாக நின்றன. பத்தரைக்குப் பிரேக் இன்ஸ்பெக்டர் வந்துவிடுவார். சாவியைத் திருப்பினால் டொக் என்று ஒரு சத்தம், பிறகு பாதித் தூக்கத்தில் புரள்கிற ஆள் மாதிரி என்ஜின் ஒரு புரட்டு, அத்தோடு சரி. காலையில் வீட்டு வாசலிலும் இதே கதைதான். பால்காரரும் எதிர்வீட்டுக்காரரும் தள்ளிவிட, எப்படியோ கிளம்பி வந்தாள். வழியெல்லாம் பிரேக்கில் கால் வைத்தபோதெல்லாம் என்ஜின் இருமியது. நிறுத்தக்கூடாது, மைதானம் போனாலும் நிறுத்தக்கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டே வந்தவள், வந்து சேர்ந்ததும் பழக்கத்தில் சாவியை அணைத்துவிட்டாள். மூளை சொல்லச் சொல்லக் கை தன்பாட்டுக்குச் செய்தது. தள்ளி ஸ்டார்ட் பண்ணின வண்டியில் இந்த இன்ஸ்பெக்டர் ஏறமாட்டார். அவர் எதிரில், பழகுகிறவன் தன் கையால் சாவியைத் திருப்பி எடுக்க வேண்டும். மூன்று பேரில் பேக்கரிக்காரர் அடுத்த வாரம்கூட வருவார், பேங்க் மேனேஜர் சம்சாரம் அடுத்த மாதம்கூட வருவாள். அஸ்கரால் வரமுடியாது. அவனுடைய பழகுநர் லைசென்ஸ் நாளையோடு முடிகிறது, மஸ்கட்டில் டிரைவர் வேலைக்கு விசா வந்து கிடக்கிறது. அவன் மரத்தடியில் இருந்தபடி அவளைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தான். இன்னொரு ஸ்கூல் நடத்துகிற கிட்டுச்சாமியின் வண்டியைக் கேட்கலாம்தான். அவன் வண்டியில் கியர் தரையில் இருக்கிறது, இவர்கள் பழகினதோ ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் இருக்கிற கியரில். ஏறி உட்கார்ந்ததும் இல்லாத குச்சியைத் தேடி இடது கை காற்றில் துழாவும். இன்ஸ்பெக்டர் சிரித்துக்கொண்டே ஃபெயில் போடுவார்.

பானெட்டுக்குள் எல்லாம் சிவப்பு. அதைப் பார்த்தாலே அவளுக்குப் பல் கடித்துக்கொள்ளும். விளக்குக்குப் போகிற ஒயர் சிவப்பு, ஹாரனுக்குப் போகிறது சிவப்பு, காயிலுக்கு, டைனமோவுக்கு, வைப்பருக்கு, எல்லாம் ஒரே சிவப்பு. அவள் புருஷன் நாச்சிமுத்து ஓட்டின ஒயரிங். ஒரு முழு ரோல் மலிவாகக் கிடைத்தது என்று வாங்கிவந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை பூராவும் காருக்கடியில் படுத்துக்கொண்டு ஓட்டினான். கலர் கலராகப் போட்டால்தானே நாளைக்கு யார் பார்த்தாலும் தெரியும் என்று அவள் கேட்டதற்கு, யார் பார்க்கணும், நான்தானே பார்க்கப்போறேன் என்றான். அப்போது அது பிரியமாகத்தான் கேட்டது. இந்த வண்டியை எந்த மெக்கானிக்கிடம் கொண்டுபோனாலும் பானெட்டைத் திறந்து தலையைச் சொறிவான். பிறகு யாருங்க்கா ஓட்டினது என்பான். அவள் வீட்டுக்காரர் என்பாள். அவரையே பார்க்கச் சொல்லிருங்க என்று மூடிவிடுவான். மூன்று வருஷமாக இதே பேச்சு. வீட்டிலும் அப்படித்தான் வைத்திருந்தான். மோட்டார் சுவிட்சுக்கு ஒரு தட்டு தட்ட வேண்டும், எங்கே தட்டுவது என்று அவனுக்குத்தான் தெரியும். காஸ் அடுப்பின் குழாயை அவன் திருப்பினால்தான் திரும்பும். சோமனூரில் தையல் கடை வைத்திருந்தவளிடம் அவன் போன முதல் வாரம் தண்ணீர் ஏற்ற முடியாமல், மோட்டார் முன்னால் உட்கார்ந்து, கரண்டியால் ஒவ்வொரு இடமாகத் தட்டிப் பார்த்தது ஞாபகம் வந்தது. அழுதாளா என்று ஞாபகமில்லை. கரண்டி நெளிந்துபோனது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. அது இன்னும் சாம்பாருக்குக் கிடக்கிறது.

டெஸ்ட் லேம்பை எடுத்தாள். பழைய பல்பு, இரண்டு ஒயர், முனையில் கிளிப். ஒரு முனை பேட்டரி பிளஸ்ஸில், இன்னொன்று பாடியில். பளிச்சென்று எரிந்தது. பேட்டரி சாகவில்லை, பாடிக்கு எர்த் இருக்கிறது. அப்படியானால் இக்னிஷன். இக்னிஷன் என்றால் சிவப்பு ஒயர். சிவப்பு ஒயர் என்றால் அவன். விரலால் ஒரு ஒயரைத் தொட்டுக்கொண்டே போனாள். காயிலில் தொடங்கினது டேப் சுற்றின கட்டுக்குள் நுழைந்தது, மறுபக்கம் ஐந்தாறாக வெளியே வந்தது, எது அது என்று எவன் கண்டான். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி உப்புத்தாளை மடித்துப் பாயிண்டை இரண்டு இழுப்பு இழுத்தாள். காயில் ஒயரின் நுனியை என்ஜினுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு பேக்கரிக்காரரை சாவி திருப்பச் சொன்னாள். பொறி வந்தது, வராமல் இல்லை, ஆனால் மஞ்சளாக, சீக்காளி மாதிரி. நல்ல பொறி நீலமாக இருக்கும், சடக்கென்று சத்தம் கேட்கும். இது மஞ்சள். வண்டியும் மஞ்சள். புரட்டாசியில் அடித்த பெயிண்ட், வெயில் ஏறினால் இன்னும் வாசம் வருகிறது. கதவில் நாச்சிமுத்து டிரைவிங் ஸ்கூல் என்று இருந்ததை அழித்துவிட்டு வசந்தம் டிரைவிங் ஸ்கூல் என்று எழுதத்தான் முதலில் போனாள். பேரை மட்டும் அழித்தால் அந்த இடம் தேமல் மாதிரி தெரியுமுங்க்கா, பூராவும் அடிச்சிரலாம் என்று பெயிண்டர் ரபீக் சொன்னார். பூராவும் என்றால் பூராவும் அடி, ஒரு இடம் விடாதே என்றாள் அவள். பானெட்டுக்குள்ளும் அடித்துத் தந்தார். பெயிண்ட் அடித்து முடித்த வண்டியைத் திரும்ப எடுக்கப் போன அன்றைக்கு அண்ணன் தண்டபாணியும் கூட வந்திருந்தார். பெயிண்டைத் தடவிப் பார்த்துவிட்டு மெதுவாக ஆரம்பித்தார். சோமனூர்க்காரி அவனைத் துரத்திவிட்டாளாம், இப்போது மாக்கினாம்பட்டியில் தங்கச்சி வீட்டில் சோறு தின்றுகொண்டு கிடக்கிறானாம், உன் மகளோட மாமியார் வீட்டிலும் நம்மளக் கேட்கிறார்கள், ஒரு ஆம்பளை என்று வாசலில் செருப்புக் கிடந்தால் போதும். அப்போதுதான் அவள் அந்தப் பேச்சைப் பேசினாள். ரபீக்கும் இரண்டு ஆட்களும் கேட்டுக்கொண்டு நின்றார்கள். அந்த ஆளு இல்லாம இந்த வண்டி ஒரு நாள் நின்னுச்சுன்னா, அன்னிக்கு வந்து கூட்டிட்டு வாண்ணா, நானே எலை போடறேன் என்றாள்.  அண்ணன் தலையை ஆட்டினார். அண்ணன் எதையும் மறக்கிற ஆள் இல்லை.

கிட்டுச்சாமி டீ கிளாசோடு வந்து நின்றான். பக்கத்துத் தெருவில் ஸ்கூல் வைத்திருப்பவன், நல்லவன்தான், வாய்தான் அடங்காது. நாச்சிமுத்துவோடு ஒரே பட்டறையில் வேலை பழகினவன். வண்டிக்கு மஞ்சள் பூசி உட்கார வச்சிட்டீங்களே அக்கா, சீர் எப்போங்க என்றான். பேக்கரிக்காரர் சிரித்துவிட்டு, அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். கிட்டுச்சாமி குனிந்து உள்ளே பார்த்தான். சிவப்பைப் பார்த்தான்.  பிறகு டீயைக் குடித்து முடித்து, கிளாசின் அடியை மண்ணில் கொட்டிவிட்டு, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"கோவிச்சுக்காதீங்க அக்கா. பூத்துல இருந்து மாக்கினாம்பட்டிக்குப் போன் போட்டுட்டேன். நாச்சிமுத்தண்ணன் கெளம்பிட்டாரு."

"யாரக் கேட்டுப் போட்டே?"

"அந்தப் பையன் மூஞ்சியப் பாருங்க. நீங்க கேக்கமாட்டீங்க. அதான் நானே."

அவனை அறைய வேண்டும் என்று கை துறுதுறுத்தது. பத்து-பதினொன்று ஸ்பானர் கையில் இருந்தது. அவன் பாட்டுக்குக் கிளாசைக் கொடுக்கப் போய்விட்டான். பையன் மூஞ்சி. பையன் மூஞ்சியை அவள் பார்க்காமலா இருக்கிறாள். அஸ்கரின் அம்மா பஸ் ஸ்டாண்டில் இட்லிக் கடை போட்டிருப்பவள். ஒவ்வொரு வகுப்புக்கும் வாழையிலையில் மடித்து ஏதாவது கொடுத்துவிடுவாள். அந்தம்மாவுக்கு என்ன சொல்வது, ஒரு ஆளைக் கூப்பிட எனக்கு மனசில்லை, அதனால் உன் மகன் மஸ்கட் போகவில்லை என்றா. மாக்கினாம்பட்டியில் இருந்து மொபெட்டில் வந்தால் எவ்வளவு நேரம். தங்கச்சி புருஷனுடைய மொபெட்டாகத்தான் இருக்கும். மேட்டில் இறங்கித் தள்ள வேண்டிய மொபெட்டாக இருக்கட்டும். ரயில்வே கேட் போட்டிருக்கட்டும். பாலக்காடு வண்டி இந்நேரத்துக்குத்தான் போகும், போகட்டும், மெதுவாகப் போகட்டும். வருவதற்குள் வண்டி ஓடிவிட்டால் அவன் வந்தது வராதது ஒன்றுதான். திரும்பிப் போகச் சொல்லிவிடலாம். சொல்லக்கூட வேண்டாம், பானெட்டை மூடி அதன்மேல் உட்கார்ந்திருந்தாலே போதும். கண்டன்சரா? கண்டன்சர் போனால் பாயிண்ட் கருகியிருக்கும், கருகவில்லை. ரோட்டர் சரி. பிளக்கை அவளே போன மாதம் மாற்றினாள். எல்லாம் அவள் கழற்றி மாட்டிய இடங்கள், எல்லாம் சரியாக இருக்கிறது. சரியில்லாதது அந்தச் சிவப்புக்குள் எங்கேயோ இருக்கிறது. வேண்டுமென்றே செய்தானோ. போகிற அன்றைக்கு ஏதாவது ஒன்றைத் தளர்த்திவிட்டுப் போயிருப்பானோ. மூன்று வருஷம் கழித்து நிற்கிற மாதிரி தளர்த்த முடியுமா. அவனால் முடியும். இல்லை, அவ்வளவு யோசிக்கிற ஆள் இல்லை அவன். யோசித்திருந்தால் கொஞ்சம் மதிப்பாவது இருந்திருக்கும். போகிற அன்றைக்கு ஷேவிங் பிரஷ்ஷைக்கூட மறந்துவிட்டுப் போனான். ரோட்டில் மொபெட் சத்தம். தலையைத் தூக்கினாள். தேங்காய் மூட்டையோடு யாரோ ஒருவர்.

திரும்பவும் சீட்டில் ஏறி உட்கார்ந்து, சோக்கை இழுத்துவிட்டு, சாவியைத் திருப்பினாள். டொக். இன்னொரு தரம், விடாமல் பிடித்தபடி. டொக், முனகல். சோக்கைத் தள்ள விரல் வைத்தவள் வெடுக்கென்று எடுத்தாள். சுட்டது. தோசைக்கல் சுடுகிற மாதிரி சுட்டது. டாஷ்போர்டில் இருக்கிற சின்ன உருண்டைக்கு எதற்குச் சூடு. அதில் ஒயர் இல்லை, கரண்ட் இல்லை, வெறும் கம்பி, இங்கிருந்து என்ஜினுக்குப் போகிற வெறும் இழுவைக் கம்பி. விரலை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆக்சிலேட்டர் கம்பியை எட்டித் தொட்டாள், அதுவும் வெதுவெதுப்பாக இருந்தது. அப்போது அவன் குரல் வந்தது, கூப்பிடாமலே. பழகின புதிதில், வீட்டு முன்னால், மடித்துக் கட்டின லுங்கியோடு, பீடியைக் காதில் செருகிக்கொண்டு அவன் சொன்னது. எர்த்துன்னா என்னன்னு கேக்கறியே, போன கரண்டு ஊட்டுக்குத் திரும்பற தடம். தடம் சரியில்லீன்னா அது சும்மா நிக்காது, கெடைச்ச தடத்துல பூந்து வரும். சொல்லிவிட்டு அவள் கன்னத்தில் கிரீஸ் விரலால் ஒரு கோடு போட்டான். கெடைச்ச தடத்துல பூந்து. பின்னாளில் சோமனூர் விஷயம் தெரிந்தபோது, சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்த அவனிடம் இதையே திருப்பிச் சொல்லியிருக்கலாம். அன்றைக்குத் தோன்றவில்லை. சரியான பேச்செல்லாம் நேரம் கெட்டுத்தான் வருகிறது. பேட்டரி மைனஸ் பாடிக்கு வருகிறது, அதை அவள் பார்த்தாள், பளிச்சென்று எரிந்தது. பாடியில் இருந்து என்ஜினுக்கு? ஸ்டார்ட்டர் என்ஜினில் உட்கார்ந்திருக்கிறது. அது இழுக்கிற கரண்ட் எல்லாம் என்ஜினில் இருந்து பாடிக்குத் திரும்ப வேண்டும். தடம் இல்லாமல் சோக் கம்பியில் புகுந்து திரும்புகிறது, அதுதான் சூடு. அதற்கு ஒரு பட்டை இருக்கிறது, பின்னல் ஜடை மாதிரி ஒரு செம்புப் பட்டை. ஒயரே இல்லை அது. சிவப்பே இல்லை.

இறங்கி ஓடினாள். பேட்டரிக்கு அடியில், கையை நுழைத்தால் முழங்கை உரசுகிற இடத்தில் பட்டை இருந்தது. என்ஜின் பக்க முனை இறுக்கமாக இருந்தது. பாடிப் பக்க முனையும் இறுக்கமாகத்தான் இருந்தது. ஆனால் போல்ட்டைச் சுற்றி மஞ்சள். பட்டைக்கு அடியிலும் மஞ்சள். ரபீக் பட்டையைக் கழற்றி, ஒரு இடம் விடாமல் அடித்து, காயவைத்து, பெயிண்டின் மேலேயே பட்டையை வைத்து முடுக்கியிருக்கிறார். பெயிண்ட் வழியாகக் கரண்ட் போகாது. போல்ட்டின் மரை வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்தது, இப்போது அதுவும் விட்டுவிட்டது. காலையில் இருந்து சிவப்பைத் திட்டிக்கொண்டிருந்தாள். சிவப்பு சரியாகத்தான் இருந்தது. அவன் ஓட்டினது அத்தனையும் சரியாகத்தான் இருந்தது, அதுதான் அவளுக்குத் தாளவில்லை. அவன் பேரை அழிக்கப் போட்ட பெயிண்ட். ஒரு இடம் விடாதே என்று சொன்னது அவள் வாய். ஸ்பானரைப் போட்டாள். போல்ட் சுற்ற மறுத்தது, பிறகு கிறீச்சென்று விட்டது. பட்டையை ஒதுக்கி, ஸ்குரூடிரைவர் முனையால் மஞ்சளைச் சுரண்டினாள். மஞ்சளுக்கு அடியில் சாம்பல் நிறம், அதற்கடியில் பழைய வெள்ளை, நாச்சிமுத்து டிரைவிங் ஸ்கூல் காலத்து வெள்ளை. அதையும் சுரண்டினாள். நகக்கண்ணில் பெயிண்ட் ஏறியது, இரத்தம் வந்தது. இரும்பு தெரிந்தது. ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு இரும்பு, உப்புத்தாள் போட்டதும் பளபளத்தது. பட்டையை வைத்து, போல்ட்டைப் போட்டு, கடைசிச் சுற்று முடுக்கிக் கையை வெளியே எடுத்தபோது முழங்கையில் தோல் உரிந்திருந்தது. இனி ஓடும். சாவியைத் திருப்பாமலே அவளுக்குத் தெரிந்தது. மைதானத்தின் அந்தப் பக்கம் ஜீப் வந்து நின்றது. இன்ஸ்பெக்டர் தொப்பியைச் சரிசெய்தபடி இறங்கினார். முன்னால் இருந்த வண்டி பேப்பர் சரியில்லை என்று ஓரம் கட்டப்பட்டிருந்தது. வசந்தம், வசந்தம் ஸ்கூல் எங்கே என்று ஆபீஸ் ஆள் கூப்பிட்டான். அஸ்கர் நிழலைவிட்டு வெளியே வந்தான். அவள் கதவைத் திறந்து சீட்டில் உட்கார்ந்து, ஒரு தரம் எடுத்துப் பார்த்துவிட்டு அவனிடம் கொடுக்கலாம் என்று சாவியில் கை வைத்தாள்.

முன்கண்ணாடி வழியாகப் பார்த்தால் தூக்கின பானெட் மட்டும்தான் தெரியும். பானெட்டுக்கும் பாடிக்கும் நடுவில் இருக்கிற சந்தில் ஒரு கை தெரிந்தது. மணிக்கட்டில் பித்தளைக் காப்பு. காப்பை அவளுக்குத் தெரியும். மொபெட் சத்தம் எப்போது வந்தது, எப்போது நின்றது, அவளுக்குக் கேட்கவே இல்லை. கை மெலிந்திருந்தது. அது பேட்டரி முனையைப் பிடித்து ஆட்டியது. பிறகு காயில் பக்கம் போய், ஒரு சிவப்பு ஒயரைத் தேடாமலே எடுத்து, இரண்டு விரலால் திருகிவிட்டது. சுற்றிலும் ஆட்கள் கூடியிருந்தார்கள். கிட்டுச்சாமி, பேக்கரிக்காரர், மற்ற ஸ்கூல்காரர்கள், கையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆபீஸ் ஆள்.

"இப்ப அடி, பாக்கலாம்" என்றான் நாச்சிமுத்து.

மூன்று வருஷம் கழித்து அவன் பேசின முதல் பேச்சு அது. அவள் சாவியைப் பிடித்தபடி இருந்தாள். இப்போது திருப்பினால் ஓடும். இப்போது திருப்பினால் அவன் தொட்டு ஓடினதாக ஆகும். திருப்பாமல் இறங்கிப் போய், கையை எடு, போ அப்பால் என்று சொல்லலாம், போல்ட்டைக் காட்டலாம், சுரண்டின பெயிண்ட் தூளைக் காட்டலாம், முழங்கையைக் காட்டலாம். யாருக்குக் காட்டுவது. ஆபீஸ் ஆள் வாட்சைப் பார்த்தான். அஸ்கர் கண்ணாடியோரம் வந்து குனிந்தான்.  அவன் அம்மா கொடுத்துவிடும் வாழையிலைப் பொட்டலத்தின் வாசம் அவன் சட்டையில் இருந்தது. அவள் சாவியைத் திருப்பினாள்.

அரைச் சுற்றில் பிடித்தது. இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு நாளும் பிடித்ததில்லை. கிட்டுச்சாமி கை தட்டினான். தொட்டாரு, எந்திரிச்சிருச்சு பாத்தீங்களா, என்ன இருந்தாலும் கை பழகின வண்டி என்று யாரோ சொன்னார்கள். யாரோ சிரித்தார்கள்.  நாச்சிமுத்து கையைத் துடைக்கத் துணி தேடினான், எப்போதும் துணி இருக்கிற இடத்தில், பேட்டரிக்குப் பின்னால். அங்கேதான் இருந்தது. எடுத்துத் துடைத்துக்கொண்டான். "பெயிண்ட்டு" என்றாள் வசந்தாமணி. "பட்டைக்கு அடியில பெயிண்ட்டு இருந்துச்சு. நான் சொரண்டிட்டேன்." என்ஜின் சத்தத்தில் அது அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை. பேக்கரிக்காரர் மட்டும் தலையை ஆட்டினார், என்ன என்று தெரியாமல். அவள் சாவியை அணைத்து இறங்கி, பானெட்டை மூடினாள். அஸ்கர் ஏறி, இன்ஸ்பெக்டர் எதிரில் தன் கையால் எடுத்தான்.

அஸ்கருக்கு அன்றைக்கே பாஸ் போட்டார்கள். சாயங்காலம் அண்ணன் தண்டபாணி வீட்டுக்கு வந்தார், கையில் ஒரு சீப்பு வாழைப்பழமும் ஒரு வாழையிலையும். யார் சொன்னார்கள் என்று அவள் கேட்கவில்லை.

2003ஆம் ஆண்டு பிப்ரவரி 9ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, அந்தக் காரின் இரண்டு கதவுகளிலும் நாச்சிமுத்து டிரைவிங் ஸ்கூல் என்று திரும்ப எழுதப்பட்டது. எழுதியவர் ரபீக். எர்த் பட்டைக்கு அடியில் பெயிண்ட் படாமல் பார்த்துக்கொள்ளும்படி வசந்தாமணி அவரிடம் சொல்லியிருந்தாள்.